அக்காவின் பேஸ் கிட்டாருக்கு எதிராக நான் வென்ற வாதம்

வாசகரே, நீங்கள்தாம் என் சாட்சி. அன்று மாலை காஞ்சன்பாக் ஊழியர் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில் நீங்கள் இருக்கவில்லை என்பதை நான் அறிவேன். உங்களைக் கூண்டில் ஏற்றுவதற்கு அதைவிடச் சிறந்த தகுதி வேறில்லை. அங்கே இருந்தவர்கள் அனைவரும், என்னைப் பெற்றவர் உட்பட, எனக்கு எதிராகச் சாட்சியம் அளித்து முடித்துவிட்டார்கள். எஞ்சியிருப்பவர் நீங்கள் ஒருவர். நான் சொல்வதை வரிசை பிறழாமல் கேளுங்கள். முடிவில் சிரிப்பு வந்தால் அவையடக்கம் கருதி வாயைப் பொத்திக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் யாரும் பொத்திக்கொள்ளவில்லை.

முதலில் என்னைப் பற்றி. நான் மேடைப்பேச்சில் முறையாகப் பயிற்சி பெற்றவன். வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்தராபாத்துக்கு வந்து மாரெட்பள்ளியில் வேரூன்றிவிட்ட தமிழ்க்குடும்பம் எங்களுடையது. இங்கே பிறந்த தமிழ்ப்பிள்ளைகள் தமிழில் கேட்ட கேள்விக்குத் தெலுங்கில் பதில் சொல்லிவிட்டு, இடையில் இரண்டு உருதுச் சொற்களையும் சிந்திவிட்டுப் போவார்கள். நான் அப்படியல்ல. தயிர் வாங்கப் போனாலும் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்ற முறைமை வழுவாமல் கேட்பேன். (அம்மா இதனாலேயே தயிருக்கு அக்காவை அனுப்புவாள்.) எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும், எந்தப் பக்கத்தைக் கொடுத்தாலும், அந்தப் பக்கத்தை வெல்ல வைப்பதே வாதக்கலை என்று எனக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. நானும் கற்றேன். பிறகு நடந்தவை அனைத்தும் அந்தக் கல்வியின் பயன்.

அக்காவின் பெயர் மாலதி. பகலில் மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை. மாலையில் ஒரு ராக் இசைக்குழுவில் பேஸ் கிட்டார். அந்தக் குழுவின் பெயரை இங்கே எழுத மாட்டேன். ஆங்கிலத்தில் அது வானிலை எச்சரிக்கை போல ஒலிக்கும். பேஸ் கிட்டார் என்பது நான்கே நான்கு தடித்த கம்பிகளைக் கொண்ட நீண்ட கருவி. அதிலிருந்து எழுவது இசை என்று அக்கா சொல்வாள். அன்றைய என் காதுக்கு அது பக்கத்து வீட்டில் யாரோ பீரோவை நகர்த்துவது போலத்தான் இருந்தது. குழுவில் கௌதம் என்பவன் பாடினான். இம்ரான் டிரம்ஸ் அடித்தான். பிரணவ் என்ற ஒருவன் கிட்டார் வாசித்தான். பிரணவுக்குக் கருத்து என்று எதுவும் கிடையாது. கௌதமின் கருத்தைச் சற்றுத் தாமதமாகச் சொல்வான்.

கௌதமைப் பற்றி ஒரு சொல். தலைமுடியைக் கோதுவதற்காகவே பாட்டில் இடைவெளி விடும் பாடகன் அவன். பெங்களூரில் நடக்கவிருந்த ஓர் இசைவிழாவுக்கு அந்தக் குழுவுக்கு அழைப்பு வந்திருந்தது. அழைப்பு வந்த நாளிலிருந்து அக்கா அலுவலகம் விட்டு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி செய்தாள். விரல் நுனிகளில் காய்ப்பு ஏறியிருந்தது. சோற்றைப் பிசையும்போது ரசம் பட்டு எரிகிறது என்று ஸ்பூனில் சாப்பிட்டாள். அப்படிப்பட்ட வேளையில்தான் கௌதமுக்கு ஞானோதயம் பிறந்தது. மாலதிக்கு ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கிறது, ஒத்திகைக்குத் தாமதமாக வருகிறாள், பேஸ் என்பது எப்படியும் யார் காதிலும் தனியாக விழுவதில்லை. ஆகவே அதை முன்கூட்டியே பதிவு செய்து மடிக்கணினியிலிருந்து ஓட்டிவிடலாம், பெங்களூருக்கு மூவர் போனால் போதும்.

அக்கா என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"டேய், நாளைக்கு இம்ரான் வீட்டு மாடிக்கு வா. நான் வேணுமா வேணாமான்னு பேசப் போறாங்களாம். எனக்குக் கோவம் வந்தா வார்த்தை வராது. உனக்குத்தான் வாய் இருக்கே, எனக்காகப் பேசு."

"தலைப்பு என்ன?" என்றேன்.

"தலைப்பா? நான்தாண்டா தலைப்பு."

இந்த இடத்தை நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள், சாட்சியே. ஒரு பெண் தன் உடன்பிறந்தவனிடம் உதவி கேட்டாள். அவனோ உள்ளுக்குள் நடுவர் மேசைக்கு என்ன துணி விரிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

இம்ரான் வீடு மௌலா அலியில், ரயில் பாதைக்குப் பக்கத்தில். மாடி அறையில் டிரம்ஸ் இருந்தது, கௌதம் இருந்தான், கௌதம் பார்க்க ஒரு கண்ணாடியும் இருந்தது. அவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். என் செவிகள் கூசின. நான் எழுந்து, கையை உயர்த்தி, இது சந்தையா சபையா என்று கேட்டேன். முறையான வாதம் என்றால் தலைப்பு வேண்டும், இரண்டு அணிகள் வேண்டும், அணியைச் சீட்டுக் குலுக்கித்தான் பிரிக்க வேண்டும், இல்லையேல் நடுநிலை கெடும் என்றேன். அன்றைய பேச்சு இந்தியும் ஆங்கிலமும் தக்கனி உருதுவும் கலந்து நடந்தது. என் மொழித் தூய்மையை முன்னிட்டு இங்கே தமிழில் தருகிறேன்.

'பேஸ் கலைஞர் தேவை' என்று ஒரு சீட்டு. 'தேவையில்லை' என்று இன்னொரு சீட்டு. இம்ரானின் தொப்பியில் போட்டுக் குலுக்கினோம். நான் எடுத்துப் பிரித்தேன்.

தேவையில்லை.

அக்கா சிரித்தாள். "சரி சரி, மாத்திக்கோ."

"அது மரபல்ல அக்கா."

"என்னடா மரபு? உன்னை எதுக்குக் கூட்டிட்டு வந்தேன்? இந்தச் சீட்டெல்லாம் நக்கோ டா, வேணாம், சும்மா பேசு."

"எடுத்த பக்கத்தைப் பேசாதவன் பேச்சாளனே அல்லன்" என்றேன். இதைச் சொன்னபோது என் முகவாய் சற்றே உயர்ந்திருந்தது என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். கண்ணாடி எதிரில்தான் இருந்தது.

எனக்கு எதிரணியாக இம்ரான் எழுந்தான். அவன் பேச்சு முழுவதையும் தருகிறேன், இடம் அதிகம் பிடிக்காது. "பாயி, எனக்குப் பேச வராது. அவங்க வாசிச்சா, பாட்டுல நான் எங்க இருக்கேன்னு எனக்குத் தெரியும். வாசிக்கலன்னா தெரியாது. பஸ், இத்னாயிச்." (அவ்வளவுதானாம்! முன்னுரை இல்லை, மேற்கோள் இல்லை, அமரும்போது ஒரு வணக்கம்கூட இல்லை.)

நான் எழுந்தேன். "தான் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாத ஒருவரின் சாட்சியத்தை இந்த அவை ஏற்கலாமா?" என்றேன். கௌதம் தொடையில் தட்டினான். போதும், குதிரைக்குக் கடிவாளம் அறுந்தது. கச்சேரி முடிந்து வெளியே போகிறவர் பாடகனின் வரியை முணுமுணுப்பார், கிட்டார்காரனைப் போலக் காற்றில் விரலை ஓட்டிக் காட்டுவார், பேஸை முணுமுணுத்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தவரை யாரேனும் கண்டதுண்டா என்றேன். பேஸ்தான் அஸ்திவாரம் என்பார்கள், புதுவீடு பார்க்க வந்த விருந்தாளியை எவராவது அஸ்திவாரத்துக்கு அழைத்துப்போய் உட்கார வைத்துக் காப்பி கொடுப்பாரா என்றேன். பிரணவ் சற்றுத் தாமதமாகச் சிரித்தான். இறுதியாகக் குரலைத் தாழ்த்தி, ஒவ்வொரு சொல்லாக வைத்தேன்: "மடிக்கணினிக்கு ஷிஃப்ட் இல்லை. மடிக்கணினிக்கு ஜலதோஷம் இல்லை. மடிக்கணினிக்கு, அதற்காகப் பரிந்து பேச வரும் தம்பியும் இல்லை."

ஆரவாரம். கௌதமும் பிரணவும் கை தூக்கினார்கள். இம்ரான் தூக்கவில்லை. தீர்மானம் நிறைவேறியது. என் அக்காவுக்காகப் பேசப் போன நான் அவளைக் குழுவிலிருந்து முறைப்படி வெளியேற்றினேன்.

திரும்பும்போது அக்கா ஸ்கூட்டரை ஓட்டினாள், நான் பின்னால் அமர்ந்திருந்தேன். பேஸ் கிட்டார் எங்கள் இருவருக்கும் நடுவே, உறையோடு, மூன்றாவது ஆளைப் போல இருந்தது. அவள் ஒன்றும் பேசவில்லை. வென்றவனுக்கு மௌனம் தாங்காது.

"எப்படி இருந்தது பேச்சு?" என்றேன்.

(ஆம், கேட்டேன். இப்படி ஒரு கேள்வியை அந்த நேரத்தில் கேட்கும் ஒருவனை இயற்கை எவ்வாறு உயிரோடு விட்டுவைத்தது என்பது அறிவியல் விளக்க வேண்டிய ஒன்று.)

"நல்லா இருந்தது. லேப்டாப்புக்குத் தம்பி இல்லைன்னு சொன்னியே, அந்தப் பாயிண்ட் ரொம்ப நல்லா இருந்தது."

"நன்றி அக்கா."

மேம்பாலத்துக்கு முன்னால் ஸ்கூட்டரை ஓரம் கட்டினாள். "இறங்கு."

இறங்கினேன். நான் இருந்த இடத்தில் கிட்டாரைச் சாய்த்துப் பட்டையால் கட்டினாள். போய்விட்டாள். ஷேர் ஆட்டோவில், வெங்காய மூட்டைக்கும் அதன் சொந்தக்காரருக்கும் இடையில், வெற்றி வீரன் வீடு வந்து சேர்ந்தான்.

பெங்களூருக்கு முன் ஒரு வெள்ளோட்டம் வேண்டும் என்று கௌதம் விரும்பினான். பிரணவின் அப்பா காஞ்சன்பாக்கில் பாதுகாப்புத் துறை ஊழியர். அவர்களுடைய குடியிருப்பில் ஆண்டு விழா. அங்கே குழுவுக்கு ஓர் இடம் பிடித்துக் கொடுத்தார். எங்கள் அப்பாவும் அங்குள்ள தொழிற்சாலையிலிருந்துதான் ஓய்வு பெற்றார். ஆகவே எங்களுக்கும் அழைப்பு. தொகுத்து வழங்க யார்? வேறு யார்? பட்டுக்கரை வேட்டியும் வெள்ளை ஜிப்பாவும் அணிந்து போனேன். பாதுகாப்புத் துறை விஞ்ஞானிகளின் பிள்ளைகள் மாம்பழமாகவும் ஏவுகணையாகவும் வேடமிட்டு மேடைக்கு வர, நான் ஒவ்வொருவரையும் உவமையோடு அறிமுகம் செய்தேன். ஏவுகணை அழுதுவிட்டது.

அக்காவும் வந்திருந்தாள், பேஸ் கிட்டாரோடும் அதன் ஆம்ப்ளிஃபயர் பெட்டியோடும். காரணம் இம்ரான். மடிக்கணினி ஓட்டும் பேஸ் தனக்குப் பக்கத்தில் கேட்க வேண்டும், அதற்கு மாலதியின் பெட்டி வேண்டும் என்றான். அதோடு நின்றானா? கிட்டாரும் அந்தப் பெட்டிமேல் சாய்ந்திருக்க வேண்டும், அதைப் பார்த்தால்தான் கை ஓடும், இல்லாவிட்டால் உட்காரவே மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தான். கேட்டது இம்ரான் என்பதால் அக்கா கொடுத்தாள். பெட்டியை மேடையில் வைத்துவிட்டு இறங்கிப் போய் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பெங்களூருக்குத் தான் இல்லாமல் போகப்போகும் பாட்டை, இன்னொருவர் கல்யாணத்தைப் பார்ப்பது போலப் பார்க்க வந்திருந்தாள்.

ஒலியமைப்பு யாதகிரி என்பவர். கல்யாணம், விநாயகர் பந்தல், தேர்தல் கூட்டம் எல்லாவற்றுக்கும் அதே பெட்டிகள், அதே முகம். மிக்ஸரில் ஒரு கை, கைப்பேசியில் ஒரு கை. அவரிடம் நான் சென்று, என் குரல் கணீரென்று ஒலிக்க வேண்டும் என்றேன். மேடையில் இருப்பவருக்கு அவருடைய குரலையே திருப்பிக் கொடுக்க, காலடியில் சாய்வாக ஸ்பீக்கர்கள் வைப்பார்கள். மானிட்டர் என்று பெயர். அங்கே இருந்தவை இரண்டே.

"இரண்டிலும் என் குரல் வேண்டும்" என்றேன்.

"பேண்டுக்கு, சார்?"

"அவர்களுக்கு அவர்கள் சத்தமே கேட்கும். என் குரல் எனக்குக் கேட்காவிட்டால் சொல்லழகு கெடும்."

யாதகிரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். வேட்டியைக் கண்டு கட்சிக்காரன் என்று நினைத்திருக்க வேண்டும். மறுபேச்சின்றிச் செய்துவிட்டார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அக்காவின் பெட்டி என் ஒலிவாங்கிக்கு அருகில் நின்று 'ம்ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே இருந்தது. கேள்வி கேட்காமலே ஆமாம் போடும் தலையாட்டி நண்பனைப் போல. என் வரவேற்புரையின் வல்லினங்களை அந்த முனகல் தின்றுகொண்டிருந்தது. நான் குனிந்து அதன் விசையை அணைத்தேன். மீண்டும் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஏவுகணைக்கு உவமை தேடுவதில் மறந்துபோனேன்.

ராக் இசை தொடங்கியது. மடிக்கணினியின் பேஸ் கூடத்தை நோக்கிய பெரிய ஸ்பீக்கர்களில் மட்டும் போயிற்று. மேடைமேல் இருந்த நால்வருக்கும், என்னையும் சேர்த்துத்தான், அது கேட்கவில்லை. இம்ரானுக்குப் பக்கத்தில் பெட்டி செத்துக் கிடந்தது. அவன் முதல் சில அடிகளைச் சரியாக அடித்தான். பிறகு கழுத்தை நீட்டிப் பெட்டியைப் பார்த்தான். அதன்பின் அவன் அடித்த தாளம், இருட்டில் மாடிப்படி தேடுகிறவனின் கால் போல இருந்தது. பிரணவ் இம்ரானைப் பின்பற்றினான். கௌதம் பிரணவைப் பின்பற்றினான். மடிக்கணினி யாரையும் பின்பற்றவில்லை. அது தன் போக்கில், தான் கற்ற வேகத்தில், கொஞ்சமும் திரும்பிப் பாராமல் போய்க்கொண்டிருந்தது. இவர்கள் சரணத்தில் இருக்கும்போது அது பல்லவிக்குப் போயிற்று. இவர்கள் பல்லவியை எட்டும்போது அது பாட்டையே முடித்துவிட்டு, தேர்வை முதலில் எழுதி முடித்த மாணவனைப் போல மௌனமாகக் காத்திருந்தது.

முன்வரிசையில் ஒரு முதியவர் காதுகேட்கும் கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மாம்பழ வேடமிட்ட சிறுமி "அம்மா, இது முடிஞ்சிடுச்சா, இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று தெளிவான குரலில் கேட்டாள். அந்த வேளை பார்த்து மடிக்கணினி அடுத்த பாட்டுக்கான பேஸைத் தானாகவே தொடங்கிவிட்டது. கௌதம் பாய்ந்து அதன் மூடியை அறைந்து சாத்தினான். கோதிவிட அவன் கை தலைக்குப் போகவில்லை. முதல் முறையாக.

இம்ரான் குச்சிகளைத் தரையில் போட்டான். "மாலதி நை தோ மை நை!" அதாவது அவள் இல்லையென்றால் தானும் இல்லையாம். எழுந்து மேடையின் பக்கவாட்டுப் படியில் இறங்கிப் போனான்.

கௌதம் என் பக்கம் திரும்பினான். முகம் வெளிறியிருந்தது. "பேசு. எதையாவது பேசு. நேரம் ஓட்டு."

வாசகரே, வாழ்நாள் முழுவதும் நான் எதிர்பார்த்திருந்த வேண்டுகோள் அது. சரிந்துகொண்டிருக்கும் அவையைச் சொல்லால் தூக்கி நிறுத்துதல்! ஒலிவாங்கியைக் கையில் எடுத்தேன். 'தோல்வியின் ஓசையும் மௌனத்தின் மாண்பும்' என்று அந்த நொடியில் தலைப்பும் எடுத்துக்கொண்டேன். பல மாநிலத்தவர் நிறைந்த அவையாதலால் ஆங்கிலத்தில் தொடங்கினேன்.

தொடக்கம் சிறக்கவில்லை. இருமல்கள். நாற்காலிகள் நகரும் ஓசை. பின்பக்கம் சாப்பாட்டுப் பந்தலிலிருந்து பிரியாணி மணம் வரத் தொடங்கியிருந்தது. பிரியாணிக்கு எதிராகப் பேசி வென்ற பேச்சாளன் இந்நகரில் இன்னும் பிறக்கவில்லை. ஆயினும் நான் தளரவில்லை. என் குரல் இரண்டு மானிட்டர்களிலிருந்தும் கணீர் கணீரென்று எனக்கே திரும்பி வந்தது. என்ன குரல்! நானே அசந்துபோனேன்.

அப்போது அது நிகழ்ந்தது. என் உள்ளங்காலில் ஒரு சிலிர்ப்பு. பலகை வழியே ஏறி முழங்கால் வரை வந்தது. முன்வரிசையில் ஒரு தலை அசைந்தது. பிறகு அதன் பக்கத்துத் தலை. பிறகு வரிசை முழுவதும், ஒரே சீராக, ஆம் ஆம் என்று ஆமோதிப்பது போல. காதுகேட்கும் கருவியை முதியவர் மீண்டும் மாட்டிக்கொண்டார். மேடையில் ஏறிய நாள்முதல் இப்படியோர் ஒருமித்த ஆமோதிப்பை நான் கண்டதில்லை.

நான் கையை உயர்த்தினேன். குழந்தைகள் ஓடிவந்து மேடைக்கு முன் நின்றார்கள். நான் சுட்டுவிரலைச் சுழற்றி வினா எழுப்பினேன். அவர்களும் சுட்டுவிரலைச் சுழற்றினார்கள். ஒரு தலைமுறையே என் கருத்தை ஏற்கிறது என்று உள்ளம் பூரித்தது. இடக்கையால் வேட்டி நுனியைப் பற்றிக்கொண்டு வலக்கையால் காற்றை வெட்டினேன், நெஞ்சில் அறைந்தேன், மண்டியிடும் அளவுக்குக் குனிந்து குரலைத் தாழ்த்தி, சட்டென நிமிர்ந்து முழங்கினேன். கூட்டம் ஹோவென்று ஆர்ப்பரித்தது. விசில்! வாதமேடையில் எனக்கு யார் விசில் அடித்திருக்கிறார்கள்? மாம்பழம் சுற்றிச் சுற்றி வந்தது. அழுத ஏவுகணை சிரித்தது. பின்னால் டிரம்ஸ் ஒலிப்பதும் எனக்குக் கேட்டது. என் பேச்சுக்குப் பொருத்தமான இடங்களில் அழுத்தம் கொடுக்கிறார்கள், பரவாயில்லை, பண்பட்டிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன். முடித்தேன், கைகூப்பினேன். கூரை பிளக்கும் கைத்தட்டல்.

திரும்பிப் பார்த்தேன். அக்கா நின்றுகொண்டிருந்தாள். தோளில் பேஸ் கிட்டார். கண்களை மூடியிருந்தாள். பக்கத்துப் பெட்டியின் சிறிய சிவப்பு விளக்கு எரிந்தது. இம்ரான் குச்சிகளோடு அவளையே பார்த்தபடி, முகமெல்லாம் நிம்மதியோடு அடித்துக்கொண்டிருந்தான். கௌதம் என்னை முழங்கையால் ஒதுக்கிவிட்டுப் பாடத் தொடங்கினான். பாட்டு நின்றது. நின்றது என்றால் ஓய்ந்தது என்று பொருளல்ல, கால் ஊன்றி நின்றது. அதே பாட்டு, அதே பாடகன், அதே பிரணவ். ஆயினும் இப்போது எல்லோரும் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். இம்ரான் சற்று வேகமெடுத்தால் அக்கா அவனை விடாமல் கூடவே போய், மெல்லப் பிடித்துத் திருப்பிக் கொண்டுவந்தாள். கௌதம் ஒரு வரியை மறந்து திகைத்த இடத்தில், அவன் திரும்பி வரும்வரை அதே இடத்தில் சுற்றிக்கொண்டு காத்திருந்தாள்.

நான் கீழே இறங்கி அப்பாவுக்குப் பக்கத்தில் அமர்ந்தேன். பாராட்டுக்காகச் சற்றே சாய்ந்து உட்கார்ந்தேன்.

"நல்லா ஆடினேடா" என்றார் அப்பா.

"பேசினேன் அப்பா."

"பேசினியா?" என் முகத்தை வியப்போடு பார்த்தார். "எப்போ?"

யாதகிரியிடம் ஓடினேன். அவர் கைப்பேசியிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார். "மேடம் வாசிக்க ஆரம்பிச்சதும் காலனி செக்ரட்டரி சார் வந்து, பாட்டு நல்லா இருக்கு, அந்த ஆள் வாயை மூடுன்னாரு. வெளி ஸ்பீக்கர்ல உங்களைச் சுத்தமாக் குறைச்சிட்டேன்."

"ஆனால் எனக்குக் கேட்டதே!"

"ஆமா சார். மானிட்டர்ல விட்டு வெச்சேன். நீங்கதானே சொன்னீங்க, உங்களுக்குக் கேட்டாப் போதும்னு."

சாட்சியே, இப்போது காட்சியை மீண்டும் ஒருமுறை மனக்கண்ணில் ஓட்டுங்கள், என் குரலை நீக்கிவிட்டு. பட்டுக்கரை வேட்டி கட்டிய ஒருவன், அணைந்த ஒலிவாங்கியை வாயருகே பிடித்துக்கொண்டு, என் அக்காவின் பேஸுக்கு நெஞ்சில் அறைந்து, காற்றை வெட்டி, மண்டியிட்டு எழுகிறான். வாய் மட்டும் அசைகிறது. கூடம் முழுவதும் விசில்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியே இருக்க மாட்டேன். நன்றியுரையில் செயலாளர் பரிசுகளை அறிவித்தார். மாறுவேடம், மாம்பழம். பாட்டு, யாரோ ஒரு பிள்ளை. "நடனம், சிறப்புப் பரிசு" என்று சொல்லி, கண்ணாடியைச் சரிசெய்து, என் பெயரைப் படித்தார். மேடையேறி வாங்கினேன். மறுக்கலாம் என்றுதான் வாய் திறந்தேன். என் ஒலிவாங்கி இன்னும் அணைந்தே இருந்தது.

அந்தக் கேடயம் இன்றும் எங்கள் வீட்டுக் கூடத்தில், என் வாதக் கோப்பைகளுக்கெல்லாம் முன்னால் நிற்கிறது. அம்மா அதைத்தான் முதலில் துடைப்பாள். அன்று யாரோ எடுத்த காணொளி சென்னையிலிருக்கும் சித்தி வரை போயிற்று. உறவினர் கல்யாணங்களில் நாகஸ்வரம் கொஞ்சம் சூடுபிடித்தால், யாராவது ஒரு மாமா என் முதுகில் கைவைத்து, "என்னப்பா, ஒரு ஸ்பீச் போடறது?" என்பார். எங்கள் குடும்பத்தில் 'ஸ்பீச் போடுதல்' என்றால் ஆடுதல் என்று பொருள். திருமணமாகி வந்த மருமகள்கள்கூடத் தாலி ஏறிய வாரத்திலேயே இதைக் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள்.

கூடம் காலியாகிக்கொண்டிருந்தபோது மேடைக்குப் பின்னால் நடந்ததைச் சொல்லி உங்களைக் கூண்டிலிருந்து விடுவிக்கிறேன். அக்கா ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். கௌதம் அவள் முன் நின்று தரையைப் பார்த்தான். மன்னிப்புக் கேட்டுப் பழகாத வாய் அவனுடையது. "பெங்களூருக்கு வந்துடு, மாலதி" என்பதை மட்டும் ஒருவாறு ஒப்பேற்றினான். பிரணவ் சற்றுத் தாமதமாக "ஹவ், ஆமா, வந்துடு" என்றான்.

"வரேன்" என்றாள் அக்கா. "ஷிஃப்ட் இருந்தா லேட்டாத்தான் வருவேன். வந்த அப்புறம் நான் வேணுமா வேணாமான்னு இன்னொரு தடவை ஒக்காந்து பேசினீங்கன்னா, நான் எந்திரிச்சிப் போயிட்டே இருப்பேன். திரும்பிக் கூப்பிட்டா வரமாட்டேன்."

இம்ரான் என்னைப் பார்த்தான். "பாயி, இப்ப நீ சொல்லு. அக்கா வேணுமா, வேணாமா?"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். பழக்கம் பொல்லாதது, வாசகரே. கேள்வி காதில் விழுந்த மாத்திரத்தில் என் மனம் இரு பக்கங்களையும் பிரித்து அடுக்கத் தொடங்கிவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டேன். வலக்கை பாதிவரை உயர்ந்தும்விட்டது. அக்கா ஒயர் சுற்றுவதை நிறுத்திவிட்டு அந்தக் கையைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. நான் என்ன சொல்லப்போகிறேனோ என்ற அச்சம் இருந்தது. என் அக்கா, என் வாய்க்கு அஞ்சி நின்றாள்.

கையை இறக்கினேன்.

"வேணும்" என்றேன். அடுத்த வாக்கியம் நாக்கின் நுனிவரை வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு, கௌதம், பிரணவ், இம்ரான், வாசலில் நின்ற அப்பா எல்லோருக்கும் கேட்கும்படி, ஒலிவாங்கியின் துணையின்றி உரக்கச் சொன்னேன்:

"அக்கா, இனிமே உன்னைப் பத்தி யார் என்னைக் கேட்டாலும், இந்த ஒரு வார்த்தையைச் சொல்லிட்டு உக்காந்துடுவேன்."